ஜீவாமிர்தமா, எருவில் பெருக்கிய உயிர் உரமா? நீலகிரி காய்கறித் தோட்டத்துக்கான ஓர் ஒப்பீடு

கோத்தகிரிப் பகுதியில் கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பீன்ஸ் ஆகியவற்றை மாற்றி மாற்றிப் பயிரிடும் எங்கள் நிலத்தில், ரசாயன உரத்தின் அளவைக் குறைத்து மண்ணின் உயிரோட்டத்தைக் கூட்ட வேண்டும் என்று முடிவு செய்தபோது, எங்கள் முன் இருந்த வழிகள் இரண்டு. பசுஞ்சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு கலந்து நாமே தயாரிக்கும் ஜீவாமிர்தம் ஒன்று. காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜன்) நிலைப்படுத்தும் அசோஸ்பைரில்லம், மண்ணில் பிணைந்த மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கரைக்கும் பாஸ்போபாக்டீரியா போன்ற பாக்டீரியா அடங்கிய உயிர் உரங்களை வாங்கி, மட்கிய தொழு உரத்தில் பெருக்கி நிலத்தில் இடுவது மற்றொன்று. ஜீவாமிர்தத்தைச் சில போகங்கள் பயன்படுத்திய பிறகு இரண்டாவது வழிக்கு நாங்கள் மாறினோம். இன்றும் அதையே தொடர்கிறோம். ஆகவே இந்த ஒப்பீட்டில் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

எளிதில் தெரியும் வேறுபாடுகளை அதிகம் விவரிக்கத் தேவையில்லை. சொந்தமாக மாடு வைத்திருப்பவருக்கு ஜீவாமிர்தம் ஏறக்குறைய செலவில்லாதது. மாடு இல்லாதவருக்கு அது நாள்தோறும் அலைச்சல். உயிர் உரப் பொட்டலத்தின் விலை குறைவு, ஆனால் அதைப் பெருக்குவதற்கு வேண்டிய எருவின் விலை குறைவன்று. சமவெளியிலிருந்து லாரியில் மலையேறி வரும் எருவுக்கு வண்டி வாடகைதான் பெரும் பங்கு. நாட்டு மாட்டின் சாணமே சிறந்தது என்று ஜீவாமிர்தத்தைப் பரப்பிய சுபாஷ் பாலேக்கர் வலியுறுத்துகிறார். எங்கள் பக்கத்து ஊர்களில் பாலுக்காக வளர்க்கப்படும் கலப்பினப் பசுக்களே மிகுதி.

முடிவைத் தீர்மானித்தது இவற்றில் எதுவும் இல்லை. இடும் உயிரும் ஊட்டமும் இந்தக் குளிரிலும் இந்தச் சரிவிலும் இந்த அமில மண்ணிலும் தங்குமா என்ற ஒரே கேள்விதான் தீர்மானித்தது.

சமவெளியில் எழுதப்பட்ட பரிந்துரைகள் பெரும்பாலும் வெப்பமான, நடுநிலையை ஒட்டிய மண்ணை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் உதகை வட்டாரத்தில் மண் அமிலத்தன்மை கொண்டது. கார அமில நிலை (pH) 5 அல்லது அதற்கும் கீழே இருக்கும் நிலங்கள் இங்கே சாதாரணம். குளிரால் மட்குதல் மெதுவாக நடப்பதால் மண்ணில் அங்ககக் கரிமம் கணிசமாகச் சேர்ந்திருக்கும். கறுத்த மண்ணைக் கையில் அள்ளிப் பார்ப்பவர் வளம் கொழிக்கிறது என்றே எண்ணுவார். ஆனால் அந்தக் கரிமத்துக்குள் கட்டுண்டிருக்கும் தழைச்சத்தைப் பயிர் கேட்கும் வேகத்தில் விடுவிக்கக் குளிரில் சோம்பிக் கிடக்கும் நுண்ணுயிர்களால் முடிவதில்லை. இடும் மணிச்சத்தோ மண்ணிலுள்ள இரும்பு, அலுமினியத்தோடு பிணைந்து வேருக்கு எட்டாமல் போய்விடுகிறது. இதற்கு மேல், தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் சரிவில் பொலபொலவென்று கொத்திவிட்ட கேரட் பாத்திகளின் மேல்மண் நீரோடு இறங்குகிறது. மண்ணரிப்பு எவ்வளவு பெரிய சிக்கல் என்பதற்கு, மண் மற்றும் நீர்வளப் பாதுகாப்புக்கென ஒரு மத்திய ஆராய்ச்சி மையம் 1954 முதல் உதகையில் இயங்கி வருவதே போதுமான சான்று.

இந்தச் சூழலில் ஜீவாமிர்தம் என்ன செய்கிறது என்பதை நேர்மையாகப் பார்க்க வேண்டும். வழக்கமான முறையில் ஓர் ஏக்கருக்கு 200 லிட்டர் நீரில் 10 கிலோ சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி வரப்பு மண் ஆகியவற்றைக் கலந்து, நிழலில் வைத்துக் காலையும் மாலையும் கலக்கிவிட்டு, 48 மணி நேரம் கழித்துப் பயன்படுத்துகிறோம். இதிலுள்ள தழைச்சத்தைத் தாராளமாகக் கணக்கிட்டாலும், சாணம், கோமியம், மாவு மூன்றையும் சேர்த்துக் கால் கிலோவைத் தாண்டுவது கடினம். 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் ஏறத்தாழ 20 கிலோ தழைச்சத்து இருக்கிறது. ஆகவே ஜீவாமிர்தத்தை உரம் என்று எண்ணி இடுவதில் பொருளில்லை. அது மண்ணிலுள்ள உயிர்களைத் தூண்டிவிடும் ஒரு கரைசல். அதைப் பரிந்துரைப்பவர்களும் இதையே சொல்கிறார்கள். கூடவே மூடாக்கு, அதாவது மண்ணை மூடிவைக்கும் இலைதழைப் பரப்பு, வேண்டும் என்றும் அவர்கள் சொல்வதை எங்கள் பகுதியில் பலர் காதில் வாங்குவதில்லை. வரிசையாக விதைத்துக் களையெடுத்து முழுப் பாத்தியையும் தோண்டி எடுக்கும் கேரட்டில் மூடாக்கை நிலைநிறுத்துவது நடைமுறையில் எளிதும் அன்று.

தூண்டப்படும் உயிர்கள் விழித்துப் பெருக மிதமான வெப்பம் வேண்டும். 48 மணி நேரம் என்ற கணக்கு சமவெளிக்கு உரியது. மார்கழி, தை மாதங்களில் இங்கே அதே கலவை மூன்றாம் நாளிலும் நுரை கட்டாமல், வெல்லத்தின் இனிப்பு வாசனை மாறாமல் கிடக்கும். கூடுதல் நாட்கள் வைத்தால் நொதித்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் உறைபனி பெய்யும் நிலத்தில் ஊற்றிய பிறகு அந்த உயிர்களுக்கு என்ன கதி என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. மழைக்காலத்தில் வெப்பம் சற்றுத் தேவலை. ஆனால் ஊற்றிய அன்றிரவே நல்ல மழை பிடித்துக்கொண்டால் அந்த 200 லிட்டரில் எவ்வளவு பாத்தியில் நின்றது, எவ்வளவு ஓடையில் சேர்ந்தது என்று யாரால் சொல்ல முடியும்? இதையே போகம் முழுவதும் இரு வாரத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும். குடம் குடமாக மேல் அடுக்குகளுக்குச் சுமந்து செல்லும் ஆள்கூலியைக் கணக்கில் சேர்த்தால், செலவில்லாத இடுபொருள் என்ற பெயர் அதற்குப் பொருந்தாது.

உயிர் உரத்தையும் தண்ணீரில் கரைத்து நேரடியாக ஊற்றினால் இதே குறைதான் வரும். பொட்டலத்தையோ திரவ பாட்டிலையோ வாங்கி வந்து வாளியில் கலக்கிப் பாத்தியில் ஊற்றிவிட்டு, பலன் தெரியவில்லை என்று சொல்பவர்களைப் பார்க்கிறேன். ஆய்வுக்கூடத்தில் 30 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில், நிறைந்த உணவோடு வளர்க்கப்பட்ட பாக்டீரியாவைக் குளிர்ந்த அமில மண்ணில் வெறும் நீரோடு விட்டால், ஏற்கெனவே அங்கு குடியிருக்கும் உயிர்களோடு போட்டியிட்டு அது நிலைப்பது அரிது. இரண்டு வழிகளுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு எருவிலிருந்துதான் தொடங்குகிறது.

நாங்கள் செய்வது இதுதான். ஏக்கருக்கு ஒரு கிலோ வீதம் அசோஸ்பைரில்லமும் பாஸ்போபாக்டீரியாவும் எடுத்து, நன்கு மட்கிச் சலித்த தொழு உரத்தோடு கலந்து, கையால் பிடித்தால் உருண்டையாக நின்று தட்டினால் உதிரும் அளவுக்கு வெல்லம் கரைத்த நீரைத் தெளித்து, கூரைக்கு அடியில் முழங்கால் உயரக் குவியலாக்கி ஈரச் சாக்கால் மூடிவைக்கிறோம். சில நாட்களுக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும். சமவெளியில் ஒரு வாரம் போதும் என்பார்கள். இங்கே இரண்டு வாரமாவது கொடுக்கிறோம். சாக்கை விலக்கும்போது சாண வாடை முற்றிலும் போய், கோடை மழை விழுந்த நிலத்தின் வாசனை எழ வேண்டும். குவியலுக்குள் கையை விட்டால் குளிர்ச்சி தெரியக் கூடாது. சூடாக இருந்தாலும் தவறு, ஏனெனில் சூடு இருந்தால் எரு இன்னும் மட்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள், அந்தச் சூட்டில் நாம் சேர்த்த பாக்டீரியா மடிந்துவிடும். இப்படித் தயாரான குவியலை அடியுரமாக இடும் முழு எருவோடும் கலந்து, பாத்தியில் தூவி, அன்றே மண்ணோடு கொத்திவிடுகிறோம்.

இதனால் கிடைக்கும் முதல் நன்மை, உயிர் தன் உணவோடும் உறைவிடத்தோடும் மண்ணுக்குள் போய்ச் சேருகிறது. எருத் துகளின் இடுக்குகளில் குடியேறிய பாக்டீரியா, வெயில் படாமல், மழைநீரோடு எளிதில் வழிந்து போகாமல், வேர் வரும்வரை காத்திருக்க முடிகிறது. இரண்டாவது நன்மை எருவுடையது. மட்கிய தொழு உரத்தில் அரை சதவீதம் தழைச்சத்து என்று வைத்துக்கொண்டால்கூட ஒரு டன்னுக்கு 5 கிலோ ஆகிறது. ஜீவாமிர்தத்தின் ஒரு தவணையில் கிடைப்பதைப்போல இது இருபது மடங்கு. மேலும் கரிமப் பொருளிலிருந்து உண்டாகும் அமிலங்கள் இரும்பையும் அலுமினியத்தையும் ஓரளவு பிடித்துக்கொள்வதால், மணிச்சத்து சிறிதேனும் விடுபட்டு நிற்கிறது. மண் துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்து சிறு கட்டிகளாக நிற்பதால் அரிப்பும் குறைகிறது. எரு இட்ட அடுக்கிலிருந்து வழியும் நீர் தெளிந்தும், இடாத அடுக்கிலிருந்து வழியும் நீர் செந்நிறமாகவும் இருப்பதை எங்கள் வரப்பிலேயே பார்க்கலாம்.

இவ்வளவையும் எருவே செய்துவிடுமானால் பொட்டலம் எதற்கு என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அசோஸ்பைரில்லம் காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைப்படுத்துவதோடு வேர் வளர்ச்சியைத் தூண்டும் பொருட்களையும் சுரக்கிறது. அதை இட்ட பாத்திகளில் கேரட் நாற்றின் பக்கவேர்கள் அடர்ந்திருப்பதைக் களையெடுக்கும்போது காண்கிறோம். விளைச்சலைப் பொறுத்தவரை, கேரட்டின் எடை பெரிதாகக் கூடிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். காம்ப்ளக்ஸ் எனப்படும் கூட்டு ரசாயன உரத்தை ஏறத்தாழ கால் பங்கு குறைத்த பிறகும் எடை குறையவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். அதில் எருவின் பங்கு எவ்வளவு, பாக்டீரியாவின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் அளவுக்கு எங்கள் சோதனை நுட்பமானது அன்று.

எந்தப் பயிருக்கு எது என்பதில் கடைக்காரரின் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வேம் எனப்படும் வேர்ப் பூஞ்சாணம் கேரட், பூண்டு, பீன்ஸ், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் வேரோடு கூடி வாழக்கூடியது. முட்டைக்கோஸ், காலிபிளவர், முள்ளங்கி, பீட்ரூட் ஆகியவற்றின் வேரில் அது குடியேறுவதில்லை. அவற்றுக்கு வேம் வாங்கிப் போடுவது வீண் செலவு. காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைப்படுத்தும் இன்னொரு பாக்டீரியாவான அசோட்டோபாக்டர் அமில மண்ணைத் தாங்காது. கார அமில நிலை 6-க்குக் கீழே உள்ள தோட்டத்தில் அதை நம்ப வேண்டாம். பாஸ்போபாக்டீரியாவும் கால்சியத்தோடு பிணைந்த மணிச்சத்தைக் கரைப்பதில்தான் வல்லது. இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்ததை அதே திறனோடு அது கரைப்பதில்லை. மணிச்சத்து கொண்ட பாறைப் பொடியான ராக் பாஸ்பேட்டைக் குவியலிலேயே சேர்த்து அதோடு பாஸ்போபாக்டீரியாவை இடுவது எங்களுக்குப் பொருத்தமாகப் படுகிறது. அமில மண்ணே ராக் பாஸ்பேட்டை மெல்லக் கரைக்கும் என்பதால் இரண்டு பக்கமும் உதவி கிடைக்கிறது.

மண்ணைப் பரிசோதித்துச் சுண்ணாம்போ டோலமைட்டோ இட்டு அமிலத்தைத் தணிக்காமல் எந்த உயிர் உரத்தையும் இடுவது பாதி வேலைதான். முட்டைக்கோஸில் வேர்முடிச்சு நோயைக் கட்டுப்படுத்தவும் சுண்ணாம்பு உதவும். ஆனால் உருளைக்கிழங்கு நடும் போகத்துக்குச் சற்று முன் சுண்ணாம்பு இட்டால் கிழங்கில் சொறிநோய் கூடும். ஆகவே பயிர்ச் சுழற்சியில் முட்டைக்கோஸுக்கோ பீன்ஸுக்கோ முந்திய இடைவெளியில் அதை இடுவதே நல்லது.

எரு வழிக்கும் குறைகள் உண்டு. எரு முழுமையாக மட்காவிட்டால் கேரட் இரண்டாக மூன்றாகக் கிளைத்துவிடும். கழுவி மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பினால் கிளைத்த கேரட்டை ஓரங்கட்டிவிடுவார்கள். லாரியில் வரும் கோழி எரு இன்னும் சூடானது. பல வாரங்கள் ஆறவிடாமல் அதில் உயிர் உரத்தைக் கலக்கக் கூடாது. உருளைக்கிழங்கில் இலைக்கருகலுக்குத் தெளிக்கும் பூஞ்சாணக்கொல்லிகள் வேம் போன்ற நன்மை செய்யும் பூஞ்சாணங்களையும் பாதிக்கக்கூடும் என்பதால், மழை மிகுந்த கார்போகத்தில் பலன் எவ்வளவு எஞ்சும் என்பதில் எனக்கு ஐயம் உண்டு. தேயிலையிலும் மலைப்பூண்டிலும் இந்த முறையை நான் கையாண்டதில்லை. அவற்றைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. கடற்பாசிச் சாறு, ஹியூமிக் அமிலம் போன்றவை 2021 முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் உயிர் ஊக்கிகளாக முறைப்படுத்தப்பட்டுள்ளன. வறட்சியிலோ பனியிலோ வாடிய பயிரைத் தேற்ற உதவலாம், மண்ணைத் தேற்றும் வேலைக்கு அவற்றை நான் சேர்த்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு அருகில் கால் ஏக்கர் சமமான நிலமும் கொட்டகையில் மாடும் வைத்து, பீன்ஸ், கீரை என்று பயிரிடுபவருக்கு ஜீவாமிர்தம் தாராளமாகப் பொருந்தும். அவரிடம் எங்கள் முறைக்கு மாறச் சொல்ல மாட்டேன். ஆனால் பச்சையாகவே தின்னும் கேரட்டிலும் முள்ளங்கியிலும் அறுவடை நெருங்கும்போது சாணக் கரைசலை ஊற்றுவதைக் கட்டாயம் நிறுத்த வேண்டும்.

சரிவில் வணிகமாகப் பயிரிடுபவர் உயிர் உரம் வாங்கும்போது காலாவதித் தேதியையும், கடையில் அது எங்கே வைக்கப்பட்டிருந்தது என்பதையும் பார்த்து வாங்க வேண்டும். பொடி வடிவம் பொதுவாக ஆறு மாதமும் திரவம் ஓராண்டும் தாங்கும். திரவத்தில் ஒரு மில்லிலிட்டருக்குக் குறைந்தது 10 கோடி உயிர்ச் செல்கள் இருக்க வேண்டும் என்பது விதி. சமவெளியின் வெயிலில் நாள் கணக்கில் கிடந்து மலையேறி வந்த பொட்டலத்தில் அந்த எண்ணிக்கையை எதிர்பார்க்க முடியாது. குன்னூரிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ தோட்டக்கலைத் துறையிலோ கேட்டு, புதிதாக வந்த சரக்கை வாங்குவது மேல். சித்திரையில் கார்போகத்துக்கு நடுபவர் எருவை மாசியிலேயே கூரைக்கு அடியில் சேர்த்துவிட வேண்டும். பங்குனி நடுவில் குவியல் போட்டால்தான் முதல் மழைக்கு முன் பாத்தியில் கொத்திவிட நேரம் இருக்கும்.