கன்னாபிடியால் சொட்டா, பேச்சு சிகிச்சையா? மழைக்குப் பயந்த நான் எதில் தேறினேன்

2015 டிசம்பர் 1 ராத்திரி, சென்னை ஜாபர்கான்பேட்டையில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் அடையாற்றுத் தண்ணீர் புகுந்தது. அம்மாவை மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டு விடியும்வரை நின்றோம். அதற்கப்புறம் மழை வலுத்தாலே எழுந்துபோய், வாசற்படி நனைந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். பல வருஷம் இதே கதைதான்.

முதலில் எடுத்தது கன்னாபிடியால் எண்ணெய். கஞ்சாச் செடியிலிருந்து வந்தாலும் போதை தராது. 1985 போதைப்பொருள் சட்டத்தின் தடையில் கஞ்சா இலை சேராததால், ‘விஜயா’ (கஞ்சாவுக்கு ஆயுர்வேதப் பெயர்) இலைச் சாறு ஆயுர்வேத மருத்துவரின் சீட்டோடு கிடைக்கிறது. நாக்குக்கு அடியில் ஒரு நிமிஷம் வைத்திருக்க வேண்டும், பச்சிலைக் கசப்பு. முதல் வாரம் நன்றாகத் தூங்கினேன். எண்ணெயாலா, அந்த வாரம் மழை இல்லாததாலா என்று சொல்லத் தெரியவில்லை. ஆறு வாரம்தான் எடுத்தேன்.

நிறுத்தியதற்குக் காரணம் அளவு. மேடைப் பேச்சுப் பதற்றத்தைக் குறைத்ததாகச் சொல்லும் 2011 ஆய்வில், ஒரே வேளைக்கு 600 மில்லிகிராம் கொடுத்தார்கள். என் புட்டி முழுக்கவே 1,000 மில்லிகிராம், நான் எடுத்தது நாளுக்கு 20. பாதியளவாக 300 என்று வைத்தாலும் புட்டி நாலு நாள் தாங்காது. மாதச் சம்பளக்காரன் எத்தனை புட்டி வாங்க முடியும்? அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய் உள்ள 11 பேரை வைத்து 2019-இல் வந்த ஆய்வில் குறைந்த அளவிலேயே அறிகுறிகள் குறைந்தன. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வெற்று மருந்து தரப்படவில்லை, மற்ற சிகிச்சைகளும் கூடவே நடந்தன.

அப்புறம்தான் பேச்சு சிகிச்சைக்கு ஒரு ஆலோசகரிடம் போனேன். நடந்ததைக் கண்மூடி, நிகழ்காலத்தில் சொல்ல வைத்தார். அதை போனில் பதிந்து தினமும் வீட்டில் கேட்கச் சொன்னார். முதல் மூன்று வாரம் முன்பைவிட மோசம், இதை மறைக்கக் கூடாது. பத்தாவது தடவையோ என்னவோ கேட்டபோது, என் குரலே “தண்ணி கணுக்கால் அளவுதான் இருக்கு, அம்மாவை எழுப்புறேன்” என்றது. தாமதமாக எழுப்பிவிட்டேன் என்றுதான் அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அன்றைக்கு அப்படியே உட்கார்ந்து அழுதேன். பன்னிரண்டு அமர்வுகளில் முடிந்தது. அதற்கப்புறம் செலவு இல்லை, இரண்டு பருவமழை தூங்கிவிட்டேன்.

மனநல மாத்திரை எனக்குத் தேவைப்படவில்லை, அதனால் அதைப் பற்றிப் பேச மாட்டேன். ஆனால் ஏற்கெனவே மனச்சோர்வு மாத்திரையோ வலிப்பு மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் இந்தச் சொட்டைத் தொடாதீர்கள். சில மருந்துகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், கல்லீரலையும் கவனிக்க வேண்டும். கையில் காசில்லை என்றால் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள். ராத்திரியில் தாங்கவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண் 14416-க்கு அழையுங்கள்.