கம்ப்ரெஷன் கேஜும் பட்டறையில் என் முதல் வருடமும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மெஷின் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து எனக்கு ஒரு வருடம் முடிந்துவிட்டது. எங்களிடம் வருவதில் பாதிக்கு மேல் தோட்டத்துச் சாமான்கள்தான். முதுகில் மாட்டிப் புல் வெட்டுகிற மெஷின், மருந்தடிக்கும் பம்பு, சங்கிலி வாள், எப்போதாவது செம்பனைக் குலை வெட்டுகிற காந்தாஸ். இந்த வருடம் நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி ஒரு கம்ப்ரெஷன் கேஜைக் கையில் பிடித்தபடி கற்றது. சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று முள்ளால் காட்டும் மீட்டர் அது. அதனால் அதைப் பற்றியே சொல்கிறேன்.

முதல் இரண்டு மாதம் கேஜ் இல்லாமல்தான் வேலை செய்தேன். காண்ட்ராக்டில் புல் வெட்டும் அக்கா ஒருவர், மெஷின் ஸ்டார்ட் ஆகவில்லை என்று கொண்டுவந்தார். பிளக்கில் பொறி வந்தது, பெட்ரோலும் வந்தது. அப்படியென்றால் கார்புரேட்டர்தான் என்று நானே முடிவு கட்டிப் புதிது போட்டுக் கொடுத்தேன். பட்டறையில் ஓடியது. மறுநாள் காலை பத்து மணிக்கே திரும்பி வந்துவிட்டார். "சூடானதும் நின்னுடுச்சு தம்பி, இழுத்து இழுத்துக் கையே விட்டுப்போச்சு" என்றார். அன்றைய கூலியும் போய்விட்டது.

பட்டறையின் மூத்த மெக்கானிக் அண்ணன் சைலன்சரைக் கழற்றச் சொன்னார். இரண்டே போல்ட். புகை வெளியேறும் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், பிஸ்டன் மேல் நெடுக்காகக் கீறல்கள். நகத்தை வைத்து இழுத்தபோது தடுக்கியது. பெட்ரோலில் எண்ணெய் குறைந்து ஓடிய மெஷின் அது. கார்புரேட்டர் காசை அக்காவிடம் திருப்பிக் கொடுத்தோம். கீறல் வழியாக அழுத்தம் கசிவதைக் கேஜ் முதலிலேயே காட்டியிருக்கும். அன்று சாயங்காலமே 55 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒன்று வாங்கினேன்.

அதுவும் தப்பான கேஜ். நல்ல மெஷினுக்கும் 90 பிஎஸ்ஐ அழுத்தம்தான் காட்டியது. கார் என்ஜினுக்கு ஆன நீளக் குழாய், காற்றைத் திரும்ப விடாமல் பிடிக்கும் வால்வு மீட்டர் பக்கத்தில் இருந்தது. 30 சிசி சிலிண்டருக்கு அந்தக் குழாய்க்குள் இருக்கும் காற்றே பெரிய சுமை, அதனால் முள் முழுசாக ஏறாது. சின்ன என்ஜினுக்கு வாங்குகிறவர்கள் வால்வு பிளக் முனையில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டாவதாக வாங்கியது அப்படிப்பட்டதுதான், இன்றும் அதுதான் ஓடுகிறது.

எட்டாவது மாதம் முள் நிற்காமல் இறங்க ஆரம்பித்தது. வால்வின் உள் ஊசி தேய்ந்திருந்தது. அவசரத்துக்கு மோட்டார் சைக்கிள் டயர் வால்வு ஊசியைப் போட்டேன். பொருந்தியது, ஆனால் எல்லா மெஷினுக்கும் குறைத்தே காட்டியது. டயர் ஊசியின் ஸ்பிரிங் கடினம், கேஜுக்கு மெல்லிய ஸ்பிரிங் வேண்டும். ஈப்போவில் தேடி வாங்கினேன்.

அளக்கும் முறை ரொம்ப சுலபம். சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, கேஜைக் கையாலேயே முறுக்கி, ஆக்சிலேட்டரை முழுசாகப் பிடித்துக்கொண்டு முள் நிற்கும்வரை ஐந்தாறு தடவை கயிற்றை இழுக்க வேண்டும். 120க்கு மேல் என்றால் நிம்மதியாக பிளக், ஃபில்டர், கார்புரேட்டர் என்று தேடலாம். 90க்குக் கீழே போனால் வேறெதையும் தொடாமல் சைலன்சரைக் கழற்றுவேன். கஸ்டமரிடம் முள்ளைக் காட்டிவிட்டுத்தான் விலை பேசுவேன், காசு அவருடையது.

இன்னொன்று. கீறல் விழுந்த பிஸ்டனோடு வருகிறவர்களிடம் பெட்ரோலில் எண்ணெயை எப்படிக் கலக்குகிறீர்கள் என்று கேட்டால், முக்கால்வாசிப் பேர் கண்ணளவு என்பார்கள். 25க்கு 1 (25 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய்) என்று சொல்வதில் பயன் இல்லை. இருமல் மருந்தோடு வரும் 15 மில்லி கோப்பையைக் காட்டி, 1.5 லிட்டர் தண்ணீர்ப் போத்தல் பெட்ரோலுக்கு இதில் நான்கு கோப்பை எண்ணெய் என்று சொல்கிறேன். அப்படிச் சொன்னால் மறப்பதில்லை. 50க்கு 1 கேட்கும் மெஷின் என்றால் இரண்டே கோப்பை. எது என்று டேங்க் மூடியிலோ புத்தகத்திலோ போட்டிருக்கும்.

கேஜால் எல்லாம் தெரியாது. போன மழைக்காலத்தில் ஒரு மெஷின் 130 காட்டியும் ஆக்சிலேட்டரை விட்டபிறகு அலறிக்கொண்டே இருந்தது. என்ஜினின் சுழலும் தண்டைச் சுற்றிக் காற்றை அடைக்கும் கிராங்க் சீல் தேய்ந்து, வெளிக்காற்றை இழுத்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க என்ஜினின் வாய்களை அடைத்து, கைப்பம்பால் காற்றேற்றிப் பார்க்க வேண்டும். அந்தப் பம்புக்குத்தான் இப்போது காசு சேர்க்கிறேன்.