எம்-65 ஜாக்கெட்: முதலில் லேபிளைப் பாருங்கள்

நியூயார்க்கில் பழைய ராணுவ உடுப்பு விற்கும் கடை. மாட்டியிருந்த எம்-65 (அமெரிக்க ராணுவ வீரர்களின் ஜாக்கெட்) ரகத்தில் பாதி, அசலைப் பார்த்துத் தைத்தவைதான். வியட்நாம் போர்க்கால அசல் என்றால் உள்பக்க லேபிளில், அரசு தைக்கக் கொடுத்த ஒப்பந்த எண் 'டிஎஸ்ஏ' என்று தொடங்கும்; ராணுவத்துக்குப் பொருள் வாங்கிய அமெரிக்க அரசு அமைப்பின் சுருக்கப்பெயர் அது. 1977-இல் அந்த அமைப்பின் பெயர் மாறியதால், அதன்பின் பல ஆண்டுகள் 'டிஎல்ஏ'. 'வியட்நாம் காலத்தது' என்று அட்டை தொங்கிய ஒன்றில் ஒப்பந்த எண்ணே இல்லை, சலவைக்கான படக்குறிகள் மட்டும்! யுவி (புற ஊதா) டார்ச் அடித்தேன்; தையல் நூல் நீலமாகப் பளீரிட்டது, புது நூலோ என்ற சந்தேகம். இன்றைய சலவைத்தூள் பட்டாலும் மின்னும் என்பதால் இதை மட்டும் நம்ப முடியாது. ஆனால் லேபிளும் சேர்ந்தால்?

நான் எடுத்தது காலர் நைந்த, அலுமினிய ஜிப் வைத்த ஒன்று. ஜிப் முரண்டு பிடிக்கிறது, பரவாயில்லை. விலைதான் கூடுதல். அவசரப்படுத்தாமல் எல்லாவற்றையும் புரட்டிப் பார்க்க விட்டார்கள். அதற்காகவே மூன்று நட்சத்திரம்.