டெல்லியில் செய்தியாளர்களுக்கான முதலுதவிப் பயிற்சி: போய் வந்தவளின் விமர்சனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெல்லியில் கேமராவோ மைக்கோ பிடித்துப் பிழைக்கிறவர்கள் கட்டாயம் இந்தப் பயிற்சிக்குப் போங்கள். கட்டணத்தை அலுவலகத்திடம் கேளுங்கள். தரவில்லையென்றால் மறுபடியும் கேளுங்கள். எனக்கு இதில் ஒரு பெரிய மனக்குறை உண்டு, கீழே அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன். அதற்காக யாரும் போகாமல் இருந்துவிட வேண்டாம்.

நான் ஒரு தமிழ்ச் சேனலின் டெல்லி பீரோவில், அதாவது கிளை அலுவலகத்தில், கேமரா பார்க்கிறேன். இந்தப் பேச்சு எங்கள் அலுவலகத்தில் தொடங்கியது 2025 மே 7 அன்று. ஆபரேஷன் சிந்தூர் நடந்த நாள். எல்லையில் பூஞ்ச் ஊர்மேல் பாகிஸ்தான் எறிகணைகள் விழுந்து பொதுமக்கள் பலர் இறந்தார்கள், பள்ளிக்கூடம் போகிற இரட்டைப் பிள்ளைகள் உட்பட. யாரை அங்கே அனுப்புவது என்று பேச்சு வந்தபோது, அடிபட்டவருக்கு ரத்தத்தை நிறுத்தத் தெரிந்தவர் யார் என்று சென்னையிலிருந்து கேட்டார்கள். பீரோவில் ஒருவருக்கும் தெரியாது. அதன் பிறகுதான் பயிற்சிக்குப் பணம் ஒதுக்கினார்கள்.

அதே மே 7 அன்று காசா நகரின் துஃபா பகுதியில், வீடிழந்த குடும்பங்கள் தங்கியிருந்த கராமா பள்ளியில் குண்டு விழுந்தது. செத்தவர்களில் நூர் அப்து என்ற பத்திரிகையாளரும் ஒருவர். அதே நகரில் யஹ்யா சுபைஹ் என்ற இன்னொரு பத்திரிகையாளரும் அன்று ஓர் உணவகத்தின் மேல் நடந்த தாக்குதலில் இறந்தார். சில மணி நேரத்துக்கு முன்புதான் தனக்குப் பிறந்த மகளின் படத்தைப் போட்டிருந்தார். எங்கள் திரையில் இது கீழே ஓடும் எழுத்தாகக்கூட வரவில்லை. அன்றைக்கு இடமில்லை, அது எனக்கும் தெரியும். இருந்தாலும் உறுத்திக்கொண்டே இருந்தது. பயிற்சி அறைக்குள் நுழையும்போதும் அது மனசில் இருந்தது.

சரி, பயிற்சிக்கு வருகிறேன். இரண்டு நாள், தெற்கு டெல்லியில் முனிர்க்கா பக்கம் ஒரு வாடகைக் கூடம். ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர்களும் அவசர சிகிச்சைப் பிரிவு நர்சுகளும் சேர்ந்து நடத்துகிறார்கள். வகுப்பு இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான். ஆனால் எங்களுக்கு வாய்த்த முதன்மைப் பயிற்சியாளர் குடியாத்தத்துக்காரர். இருபது வருஷத்துக்கு மேல் பட்டாளத்தில் நர்சிங் உதவியாளராக இருந்தவர். தமிழ் ஆட்கள் இருக்கிறோம் என்று தெரிந்ததும் முக்கியமானதையெல்லாம் தமிழிலும் ஒருமுறை சொன்னார்.

இவருக்காகவே போகலாம். சத்தம் போட மாட்டார், பயமுறுத்தும் படங்களைக் காட்டிக் கெத்துக் காட்ட மாட்டார். முதல் நாள் காலை முழுக்க டூர்னிக்கெட் மட்டும்தான், கை காலில் இறுக்கிக் கட்டி ரத்தத்தை நிறுத்துகிற பட்டை. தொடையில் பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் ஆள் போக மூன்றிலிருந்து ஐந்து நிமிஷம் போதும் என்று கடிகாரத்தை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் தொடங்கினார். காயத்துக்கு நாலு விரல் மேலே பட்டையைப் போட வேண்டும், மூட்டின் மேல் போடக்கூடாது. பட்டையை இழுத்து இறுக்கிவிட்டு, அதிலுள்ள சின்னக் கோலைத் திருக வேண்டும். என் கூட வந்த ஸ்ட்ரிங்கர் (மாதச் சம்பளமில்லாமல் செய்திக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர்) தம்பியைப் படுக்கவைத்து அவன் காலில் நான் கட்டினேன். முதல் சுற்று சுலபம். இரண்டாவதில் அவன் முகம் சுளித்தான், நான் நிறுத்தினேன். சார் குனிந்து அவன் பாதத்தின் மேல்பக்கம் இரண்டு விரலை வைத்துப் பார்த்தார்.

"துடிப்பு இருக்கும்மா. இன்னும் ஒரு சுத்து."

"வலிக்குது சார் அவனுக்கு."

"வலிக்கணும். வலிக்கலைன்னா கட்டலைன்னு அர்த்தம். தம்பி, நீ கத்து, பரவாயில்ல."

மூன்றாவது சுற்றில் துடிப்பு நின்றது. என் விரலையும் அங்கே வைத்துப் பார்க்கச் சொன்னார். ஒன்றுமே இல்லாத அந்தத் தோலை இன்னும் என் விரலுக்கு ஞாபகம் இருக்கிறது. கட்டிய நேரத்தை மார்க்கர் பேனாவால் நெற்றியிலோ பட்டையிலோ எழுத வேண்டும். கட்டிய பிறகு பார்க்கலாமே என்று தளர்த்தவே கூடாது. இரண்டு மணி நேரம் வரை பொதுவாகக் காலுக்குப் பெரிய சேதம் வராது, ஆறு மணி நேரம் தாண்டினால் கால் மிஞ்சுவது சந்தேகம். இந்த ஆறு மணி நேரக் கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள், திரும்ப இதற்கு வருவேன்.

மதியம் காயத்துக்குள் துணி திணிக்கிற பயிற்சி. இடுப்பு மடிப்பு, அக்குள், கழுத்தடி, இங்கெல்லாம் டூர்னிக்கெட் போட முடியாது. ஆட்டுத் தொடைக்கறியில் ஆழமாகக் கீறி, உள்ளே குழாய் செருகி, சிவப்புச் சாயத் தண்ணீர் விட்டுத் தந்தார்கள். விரலால் ஊற்று எங்கே என்று தேடி, அந்த இடத்திலிருந்து காஸ் துணியைத் திணித்து, இனி விரல் போகாது என்கிறவரை அடைத்து, உடம்புப் பாரத்தையெல்லாம் போட்டு அழுத்த வேண்டும். சாதாரணக் காஸ் என்றால் பத்து நிமிஷம் எடுக்காமல் அழுத்த வேண்டும். எங்களோடு இருந்த மலையாளப் புகைப்படக்காரர் சைவம். முகத்தைத் திருப்பிக்கொண்டே செய்தார், ஆனால் எல்லோரையும்விடச் சரியாகச் செய்தார்.

பிரஸ் ஜாக்கெட், ஹெல்மெட் வகுப்பு சுமார். தட்டுகளோடு போட்டால் பத்துக் கிலோவுக்குக் கிட்ட வருகிறது, அதோடு கேமராவைத் தோளில் தூக்கி ஓடவிட்டார்கள். தோட்டாவையும் குண்டுச் சிதறலையும் தடுக்கும், குண்டு வெடிக்கும் காற்றழுத்தத்தையும் இடிந்து விழும் கூரையையும் தடுக்காது என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். அது பிடித்தது. சட்டம் பற்றிய வகுப்பை வேகமாக ஓட்டிவிட்டார்கள். போர்க்கால விதிகளான ஜெனீவா ஒப்பந்தங்களோடு 1977-இல் சேர்த்த முதல் கூடுதல் நெறிமுறையின் 79-ஆவது பிரிவு பத்திரிகையாளர்களைப் பொதுமக்களாகவே கருதச் சொல்கிறது. 52-ஆவது பிரிவு, பள்ளிக்கூடம் மாதிரி இடம் ராணுவத்துக்குப் பயன்படுகிறதா என்று சந்தேகம் இருந்தால் பயன்படவில்லை என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. இவ்வளவையும் சொன்னவர்கள், அந்த நெறிமுறையில் இஸ்ரேலும் சேரவில்லை, இந்தியாவும் சேரவில்லை என்பதையும் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது என் குறை. இரண்டாம் நாள் காலை, 'தஞ்சம் புகுவது எங்கே' என்று ஒரு பகுதி. திரையில் ஒரு ஸ்லைடு. தாக்குதல் நடக்கும் ஊரில் மாட்டிக்கொண்டால் பள்ளிக்கூடம், மருத்துவமனை, ஐநா கொடி பறக்கும் கட்டடம், வழிபாட்டு இடம், இவற்றில் ஒன்றுக்குப் போய்ச் சேருங்கள் என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஏதோ பழைய கையேட்டிலிருந்து எடுத்தது. இந்தப் பகுதியை எடுத்தவர் வேறொரு பயிற்சியாளர், எதையும் கேட்காமல் அடுத்த ஸ்லைடுக்குப் போகப் பார்த்தார். நான் கை தூக்கினேன்.

காசாவில் 2024 ஆகஸ்ட் 10, தாபியீன் பள்ளியில் விடியற்காலைத் தொழுகை நேரத்தில் குண்டு விழுந்தது. தொண்ணூறு பேருக்கு மேல் இறந்தார்கள் என்று அங்குள்ள மீட்புப் படை சொன்னது. அங்கே ஆயுதக் குழுக்களின் கட்டளை மையம் இருந்தது, எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டது என்றது இஸ்ரேல் ராணுவம். ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் 11, நுசைராத் முகாமில் ஜாவ்னி பள்ளி. பன்னிரண்டாயிரம் பேர் தங்கியிருந்த இடம். ஐநா நிவாரண அமைப்பின் ஊழியர்கள் ஆறு பேர் ஒரே நாளில் போனார்கள், போர் தொடங்கியதிலிருந்து அந்தப் பள்ளி தாக்கப்பட்டது அது ஐந்தாவது முறை. தங்கள் கட்டடங்கள் எந்த இடத்தில் இருக்கின்றன என்ற ஆயத்தொலைவுகளை ஐநா அமைப்பு முன்பே கொடுத்துத்தான் வைத்திருந்தது.

இவ்வளவு தூரம் போவானேன்? 1995 செப்டம்பர் 22, இலங்கையில் வடமராட்சி கிழக்கு நாகர்கோவில் பள்ளிக்கூடம். இலங்கை விமானப்படை போட்ட குண்டில் மாணவர்களே இருபது பேருக்கு மேல் செத்தார்கள். ஒரு தமிழ்ப் பிள்ளையிடம் போய், பள்ளிக்கூடத்துக்குள் ஓடு, குண்டு விழாது என்று நான் எப்படிச் சொல்வேன்? இதையெல்லாம் அந்த அறையிலேயே சொன்னேன், குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது.

டெல்லியில் இருந்துகொண்டு பேசுவதால் டேனிஷ் சித்திக்கியையும் சொன்னேன். ராய்ட்டர்ஸின் புகைப்படக்காரர், டெல்லி ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்தில் படித்தவர், ஜாமியா கல்லறையில்தான் புதைத்தார்கள். 2021 ஜூலை 16, ஆப்கானிஸ்தானின் ஸ்பின் போல்தாக். சிதறல் பட்ட காயத்துக்கு முதலுதவி வாங்க ஒரு பள்ளிவாசலுக்குள் போனார்கள். அந்தப் பள்ளிவாசலே தாக்கப்பட்டது.

அந்தப் பயிற்சியாளர், 'பொதுவான வழிகாட்டுதல்' என்று முடித்துக்கொள்ளப் பார்த்தார். பின்னால் உட்கார்ந்திருந்த குடியாத்தம் சார் எழுந்து வந்து ஸ்லைடை நிறுத்தச் சொன்னார். அப்புறம் அந்த மதியம் முழுக்க வேறு மாதிரி போயிற்று. அந்த இரண்டு நாளில் எனக்கு மிகவும் உதவியது அதுதான்.

நான் கேட்டது இதுதான். இந்தப் பயிற்சி மொத்தமும் ஒரு கணக்கின் மேல் நிற்கிறது. செய்தியாளர் வெளியூரிலிருந்து போவார், படம் எடுப்பார், அடிபட்டால் ரத்தத்தை நிறுத்துவோம், ஆம்புலன்ஸ் வரும், ஆஸ்பத்திரி இருக்கும், ராத்திரி ஓட்டலுக்குத் திரும்புவார். காசாவில் அப்படி யாரும் இல்லை. 2023 அக்டோபரிலிருந்து வெளிநாட்டுச் செய்தியாளர்கள் தாங்களாக உள்ளே போக இஸ்ரேல் விடவில்லை. படம் எடுப்பவர்கள் எல்லோரும் உள்ளூர்க்காரர்கள். அவர்கள் வீடும் இடிந்து, பெண்டாட்டி பிள்ளைகளோடு அதே பள்ளிக்கூட வகுப்பறையில் பாய் விரித்துப் படுக்கிறவர்கள். பள்ளி தாக்கப்பட்டால் அது அவர்களுக்குச் செய்தி, வீடும் அதுதான். 2024-இல் உலகம் முழுக்கக் கொல்லப்பட்ட பத்திரிகையாளர்கள், ஊடகத் தொழிலாளர்கள் 124 பேர் என்று சிபிஜே என்கிற பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழு கணக்கிட்டது. அதில் கிட்டத்தட்ட 70 சதவீதம் இஸ்ரேலின் கையால்.

நம் ஊரிலும் இது இல்லாமல் இல்லை. மணிப்பூரில் 2023-இல் பள்ளிகளும் கல்லூரிகளும் நிவாரண முகாம்களாக இருந்தபோது நான் அங்கே படம் பிடித்தேன். எனக்கு வழி காட்டிய உள்ளூர் ஸ்ட்ரிங்கரின் அம்மா அதே முகாமில்தான் இருந்தார். நாங்கள் விமானம் ஏறி வந்துவிட்டோம், அவர் அங்கேயே இருந்தார். அவருக்கு இந்தப் பயிற்சியில் என்ன இருக்கிறது?

சார் உடனே பதில் சொல்லவில்லை. ஆறு மணி நேரக் கணக்கை எடுத்தார். "உங்க காசா கேமராமேன் ஒருத்தர், ஆம்புலன்ஸ் வராமலேயே போனாரே, அவரைச் சொல்லும்மா" என்றார்.

சாமர் அபு தக்கா. அல் ஜசீரா கேமராமேன். 2023 டிசம்பர் 15, கான் யூனிஸில் வீடிழந்தவர்கள் தங்கியிருந்த ஃபர்ஹானா பள்ளி. தாக்கப்பட்ட அந்தப் பள்ளியைப் படம் பிடிக்கப் போனபோது டிரோன் தாக்குதல். கூட இருந்த மீட்புப் படையினர் மூன்று பேர் அங்கேயே இறந்தார்கள். கூடப் போன நிருபர் வாயெல் தஹ்தூ, கையில் ரத்தம் ஒழுக நடந்தே வெளியேறி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். சாமரால் எழ முடியவில்லை. ஐந்து மணி நேரத்துக்கு மேல் அங்கேயே கிடந்தார், ஆம்புலன்ஸால் நெருங்க முடியவில்லை, ரத்தம் போயே இறந்தார். பிரஸ் என்று எழுதிய ஜாக்கெட் போட்டிருந்தவர்.

சார் இதை வைத்துப் பாடம் எடுத்தார். ஆள் வர மாட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று தொடங்கினார். ஒரே கையால், தன் காலுக்குத் தானே டூர்னிக்கெட் கட்டுவது எப்படி. பையில் எந்தப் பக்கம் வைத்தால் எந்தக் கைக்கும் எட்டும். இரண்டு மணி நேரம் தாண்டினால் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது. குளிரில் ரத்தம் உறையாமல் போகும், அதனால் அடிபட்டவரைப் போர்த்தி வையுங்கள் என்றார். ஒரே இடத்தில் இரண்டாவது குண்டு விழும் என்பதையும் அங்கேதான் பேசினோம். 2025 ஆகஸ்ட் 25, கான் யூனிஸின் நாசர் மருத்துவமனையில் முதல் தாக்குதலில் ராய்ட்டர்ஸின் ஹுசாம் அல் மஸ்ரி இறந்து, உதவ ஓடி வந்தவர்கள்மேல் அடுத்தது விழுந்தது. மரியம் தக்கா உட்பட அன்று ஐந்து பத்திரிகையாளர்கள் போனார்கள். உடனே ஓடாதீர்கள் என்று சார் சொன்னார். சொல்லிவிட்டு, "நான் ஓடியிருப்பேன்" என்றும் சொன்னார்.

மற்றபடி சில நடைமுறைக் குறைகள். கட்டணத்தோடு தரும் முதலுதவிப் பையில் இருந்த டூர்னிக்கெட் போலிச் சரக்கு. திருகும் கோல் இரண்டாவது சுற்றிலேயே வளைந்தது, தம்பியின் காலில் கட்டியது சாருடைய சொந்தப் பை டூர்னிக்கெட். உயிர் போகிற விஷயத்தில் இப்படிப் பொருளைக் கொடுப்பது மன்னிக்க முடியாதது என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டு வந்தேன். மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், இதுவரை வரவில்லை. பெண்களுக்கான ஜாக்கெட் அளவு ஒன்றுகூட இல்லை. சாப்பாடு பரவாயில்லை.

போகிறவர்கள் பழைய ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போங்கள், அந்தச் சிவப்புச் சாயக் கறை போகாது. நல்ல டூர்னிக்கெட் ஒன்றை நீங்களே வாங்கி எடுத்துப் போய், சாரிடம் காட்டி, அங்கேயே நாலைந்து முறை கட்டிப் பாருங்கள். அந்தத் தஞ்சம் ஸ்லைடு இன்னும் இருந்தால் கை தூக்குங்கள். ஸ்ட்ரிங்கர்களுக்குப் பாதிக் கட்டணத்தில் தமிழிலேயே ஒரு வகுப்பு எடுக்கச் சார் தயார், பன்னிரண்டு பேர் சேர்ந்தால் போதும் என்கிறார். இப்போதைக்கு ஏழு பேர் பெயர் கொடுத்திருக்கிறோம்.