ஷோரூம் சர்வீஸ் பில் நியாயமா? எட்டு வருடம், 82,000 கிலோமீட்டர் ஓட்டிய கணக்கு

2017 ஆகஸ்டில், ஜிஎஸ்டி வந்த அடுத்த மாதம், 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக் ஒன்று வாங்கினேன். சென்னை மடிப்பாக்கத்திலிருந்து சிறுசேரி ஆபீஸுக்கு நானேதான் ஓட்டிப் போகிறேன். முதல் ஐந்து வருடம் ஷோரூம் சர்வீஸ் தவிர வேறு எங்கும் விட்டதில்லை. அதன் பிறகு பாதி ஷோரூம், பாதி எங்கள் ஏரியா மெக்கானிக் பாய். எல்லா பில்லும் ஒரு ஃபைலில் இருக்கிறது. புதிதாகக் கார் வாங்கிய தங்கை போன வாரம், “அக்கா, ஷோரூம்ல கேக்கற காசு கரெக்டா?” என்று கேட்டாள். ஃபைலை எடுத்து முதலிலிருந்து படித்துவிட்டு இதை எழுதுகிறேன். கார் பெயரும் ஷோரூம் பெயரும் வேண்டாம். வேறு கம்பெனி கார் வைத்திருக்கும் தோழிகளும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார்கள்.

முதலில் மொத்தக் கணக்கு. டயர், பேட்டரி, இன்சூரன்ஸ் சேர்க்காமல் எட்டு வருடத்தில் ஏறக்குறைய 1,02,000 ரூபாய். கிலோமீட்டருக்கு ஒன்றேகால் ரூபாய். பெட்ரோலுக்கு கிலோமீட்டருக்கு ஆறு ரூபாய்க்கு மேல் போகிறது. அதை வைத்துப் பார்த்தால் சர்வீஸ் செலவு பெரிய தொகையே இல்லை. ஆனால் அந்த ஒரு லட்சத்தில் 11,000 ரூபாய் காருக்குத் தேவையே இல்லாமல் போனது. என் கோபம் அந்த 11,000 மேல்தான்.

ஃப்ரீ சர்வீஸ் என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். லேபர் மட்டும்தான் ஃப்ரீ. ஆயில், ஃபில்டர், வாஷர் எல்லாவற்றுக்கும் காசு உண்டு. முதல் மூன்று சர்வீஸில் எனக்கு வந்த பில் சிறியது, குறை சொல்ல எதுவும் இல்லை. 20,000 சர்வீஸில்தான் பழக்கமில்லாத பெயர்கள் பில்லில் தலைகாட்ட ஆரம்பித்தன. கார் விஷயம் தெரியாது என்பதால் நான் அதைக் கவனிக்கவில்லை.

கவனித்தது 2022 ஜூனில், 40,000 கிலோமீட்டர் சர்வீஸில். காலையில் காரை விட்டுவிட்டு ஆபீஸ் போய்விட்டேன். பதினொரு மணிக்கு மீட்டிங் நடுவில் சர்வீஸ் அட்வைசர் போன். “மேடம், த்ராட்டில் பாடி ரொம்ப அழுக்கா இருக்கு, க்ளீன் பண்ணிடலாமா? ஏசியும் பண்ணிடலாம் மேடம், வீட்ல குழந்தைங்க இருக்காங்கல்ல?” சரி, சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். சாயங்காலம் பில் 12,248 ரூபாய்.

வண்டி வாஷிங்கிலிருந்து வர அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். அந்த அரை மணி நேரத்தில் பில்லை வரி வரியாகப் படித்தேன். ஆயில் மூன்றரை லிட்டர் 1,750. ஆயில் ஃபில்டர் 130, ஆயில் வடிக்கும் இடத்து வாஷர் 15, ஏர் ஃபில்டர் 320, ஏசி ஃபில்டர் 480, பிரேக் ஃப்ளூயிட் 280, ஸ்பார்க் ப்ளக் நான்கு 600. சர்வீஸ் லேபர் 18 சதவீத வரியோடு 2,242. அலைன்மென்ட், பேலன்சிங், டயர் ரொட்டேஷன் 1,062. இதெல்லாம் சேர்த்தால் 6,879தான் வருகிறது. மிச்சம் 5,369 ரூபாய்க்கு ஐந்து வேலைகள்: த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குள் காற்றை விடும் பகுதி) க்ளீனிங், ஏசி டிஸ்இன்ஃபெக்டன்ட், இன்ஜெக்டர் க்ளீனர், இன்ஜின் டிரெஸ்ஸிங், இன்டீரியர் ஜெர்ம் க்ளீன்.

க்ளவ் பாக்ஸில் வாங்கிய நாளிலிருந்து பிரிக்காமல் ஓனர்ஸ் மேனுவல் கிடந்தது. அதில் மெயின்டனன்ஸ் அட்டவணை என்று ஒரு பக்கம் உண்டு. மேலே கிலோமீட்டர், பக்கவாட்டில் பாகங்கள், கட்டத்துக்குள் ஒற்றை எழுத்து. ‘ஆர்’ என்றால் மாற்ற வேண்டும், ‘ஐ’ என்றால் சோதித்துப் பார்த்தால் போதும். 40,000 வரிசையில் விரலை வைத்துக்கொண்டே கீழே இறங்கினேன். ப்ளக் இருந்தது, பிரேக் ஃப்ளூயிட் இருந்தது. அந்த ஐந்து வேலைகளில் ஒன்றுகூட இல்லை. அந்தக் காரைச் செய்த கம்பெனியே கேட்காத வேலைக்கு நான் 5,369 ரூபாய் கொடுத்திருக்கிறேன். பழைய பில்களைத் தேடியதில் 20,000-லும் 30,000-லும் இதே மாதிரி மூவாயிரம் மூவாயிரமாகப் போயிருந்தது.

த்ராட்டில் பாடி க்ளீனிங் வீண் வேலை என்று சொல்லவில்லை. ஐடிலிங்கில், அதாவது நின்றபடி இன்ஜின் ஓடும்போது, வண்டி நடுங்கினால் அது தேவை. ஏசியில் நாற்றம் வந்தால் அதையும் கழுவத்தான் வேண்டும். எனக்கு நடுக்கமும் இல்லை, நாற்றமும் இல்லை. ஒரு காருக்கு இவ்வளவு பில் வர வேண்டும் என்று அட்வைசர்களுக்கு டார்கெட் உண்டு என்பதை அங்கே வேலை பார்த்து விலகிய ஒரு தம்பி பிற்பாடு சொன்னார். மாசக் கடைசியில் வண்டி விடாதீங்க மேடம் என்றும் சொன்னார். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள். ஆனால் குழந்தைகளைச் சொல்லி விற்றது இன்றைக்கும் வலிக்கிறது.

அடுத்தது சத்தம். 2023 தொடக்கத்தில், 47,000 ஓடியிருந்த நேரம். மெட்ரோ வேலைக்காக மடிப்பாக்கத்திலும் ஓஎம்ஆரிலும் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். தினமும் குழியில் இறங்கி ஏறி, முன்பக்க இடது சக்கரத்திலிருந்து ‘டக் டக்’ என்று சத்தம். ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் போய்விட்டு வந்து ஸ்டீயரிங் ரேக் (ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரத்தைத் திருப்பும் பாகம்) போய்விட்டது, அசெம்ப்ளியாக, அதாவது முழுசாகத்தான் மாற்ற வேண்டும் என்றார்கள். எஸ்டிமேட் 26,000 ரூபாய். எந்தப் பாகத்தில் ஆட்டம் இருக்கிறது என்று காட்ட முடியுமா என்று கேட்டேன். கஸ்டமரை உள்ளே விட மாட்டார்கள் என்று பதில் வந்தது. இன்னும் யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்து வந்துவிட்டேன்.

பாயிடம் போனேன். அறுபதைத் தாண்டியவர், ஷெட்டில் ஒரு குழியும் இரண்டு பையன்களும்தான். வண்டியைக் குழிமேல் நிறுத்தி, ஜாக்கி போடாமலே, பையனை விட்டு மேலிருந்து ஃபெண்டரை அமுக்கி அமுக்கி விடச் சொன்னார். குழியில் இறங்கி ஒவ்வொரு மூட்டாகக் கை வைத்துப் பார்த்தார். அப்புறம், “இறங்கி வாம்மா, நீயே பாரு” என்றார். சுடிதாரை ஒதுக்கிக்கொண்டு இறங்கினேன். டயருக்குப் பின்னால் விரல் தடிமனில் ஒரு கம்பி, இரண்டு முனையிலும் குண்டு மாதிரி ரப்பர் உறை. அதன் கீழ் முனையை என் விரலால் பிடிக்கச் சொன்னார். பையன் மேலே அமுக்கினான். விரலுக்குள் ‘டக்’ என்று தட்டியது. காரில் உட்கார்ந்து மூன்று வாரம் கேட்ட அதே சத்தம், இப்போது தோலில் தெரிந்தது. லிங்க் ராடு. ரேக்கில் எந்த ஆட்டமும் இல்லை, அதையும் பிடித்துப் பார்க்கச் சொன்னார். இரண்டு பக்கமும் மாற்ற பாகம் 1,450, கூலி 400. மொத்தம் 1,850 ரூபாய். இன்றுவரை ரேக் அதே ரேக்தான்.

26,000-க்கும் 1,850-க்கும் நடுவில் இருப்பது திருட்டு என்று நான் நினைக்கவில்லை. ஷோரூமில் ஒரு டெக்னீஷியனுக்கு ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று கணக்கு. சத்தத்தைத் தேடி ஒரு மணி நேரம் குழியில் நிற்க அவருக்கு நேரம் கிடையாது. அசெம்ப்ளியாக மாற்றினால் அதற்குள் எந்தப் பாகம் ஆடினாலும் சேர்ந்தே போய்விடும், தேட வேண்டியதில்லை. அவர்களுக்கு அது பத்திரமான வழி. காசு மட்டும் நம்முடையது.

இதைப் படித்துவிட்டு யாரும் ஷோரூமே வேண்டாம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 2024 நவம்பர் மழையில் என் வண்டியில் இன்ஜின் லைட் எரிந்தது. மழை பெய்தால் ஜெர்க் அடிக்கும், காய்ந்தால் சரியாகிவிடும். பாய் ப்ளக் மாற்றினார், ஒரு இக்னிஷன் காயில் மாற்றினார், த்ராட்டில் பாடியைக் கழட்டிக் கழுவினார். 4,300 ரூபாய் செலவு, லைட் மட்டும் அணையவில்லை. கடைசியில் அவரே, “கம்பெனில காட்டும்மா, அவங்ககிட்ட ஒயரிங் டயக்ராம் இருக்கும்” என்றார். ஷோரூமில் ஸ்கேன் பண்ண வரியோடு 1,180. அங்கிருந்த எலக்ட்ரீஷியன் டயக்ராமைத் திரையில் வைத்துக்கொண்டு பின் பின்னாக மீட்டர் வைத்துப் பார்த்து, கேம் ஷாஃப்ட் சென்சாரின் கனெக்டரைக் கழட்டி என்னிடம் காட்டினார். உள்ளே பின்கள் பச்சை பூத்திருந்தன, மழைத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. கனெக்டரை மட்டும் மாற்றினார். மொத்தம் 2,940. அந்த வேலைக்கு அது நியாயமான கூலி. கேட்டிருந்தால் இன்னும் கொஞ்சம்கூடக் கொடுத்திருப்பேன்.

வாரண்டி இருக்கும் வரை ஷோரூம்தான் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. 7,800 ரூபாய் கட்டி ஐந்து வருடத்துக்கு நீட்டித்தேன், நான்காவது வருடம் ஏசி கம்ப்ரசர் போயிற்று, 24,000 ரூபாய் பாகம் காசில்லாமல் மாறியது. வெளியில் சர்வீஸ் விட்டாலே வாரண்டி போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், ஸ்பேர் பாகங்களை வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டபோது, வெளியில் விட்டதை மட்டும் காரணம் காட்டி வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக்கூடாது என்றும் சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீடு போனார்கள். சட்டம் நம் பக்கம் பேசினாலும், கம்ப்ரசர் போன அன்று அட்வைசரோடு வாதாட எனக்குத் தெம்பு இருந்திருக்காது. அதனால் ஐந்து வருடம் அங்கேயே விட்டதில் வருத்தம் இல்லை. இன்சூரன்ஸ் வேலையும் அப்படித்தான். பம்பர் ஒருமுறை உடைந்தபோது கேஷ்லெஸ்ஸில் எல்லாம் அவர்களே பார்த்துக்கொண்டார்கள். ஜீரோ டெப் (பாகத்தின் தேய்மானத்தைக் கழிக்காத) பாலிசி என்பதால் பாகத்துக்கு நான் எதுவும் தரவில்லை, 1500 சிசி வரையுள்ள காருக்கு நாம் கட்டாயம் கொடுக்க வேண்டிய 1,000 ரூபாயோடு முடிந்தது.

எங்கே எவ்வளவு வித்தியாசம் என்பது க்ளட்ச் மாற்றியபோதுதான் தெளிவாகத் தெரிந்தது. 66,000-ல் க்ளட்ச் போனது. பாகத்தின் விலை இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்று, ஏனென்றால் டப்பா மேலேயே எம்ஆர்பி அச்சடித்திருக்கிறது. லேபர்தான் ஷோரூமில் 6,400, பாயிடம் 2,800. பெரிய இடத்து வாடகை, லிஃப்ட், ஸ்கேனர், ட்ரெயினிங் எல்லாம் அந்த 6,400-க்குள் இருக்கிறது. ஸ்கேனரே தேவைப்படாத க்ளட்ச் வேலைக்கு அந்தக் காசைக் கொடுக்க எனக்கு மனமில்லை. க்ளட்ச் செட்டை நானே கம்பெனி டீலர் கவுன்டரில் பில்லோடு வாங்கிப் பாயிடம் கொடுத்தேன். கார் பாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் போய் வாங்குபவர்களும் பில்லைக் கேட்டு வாங்குங்கள். அச்சு அசலாக அதே டப்பாவில் போலிப் பாகம் வருகிறது. பிரேக் பேட் போலியாக இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது ஷோரூமுக்குப் போனால் நான் செய்வது இதுதான். மேனுவலின் அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். ஜாப் கார்டு எழுதும்போதே, அட்டவணையில் உள்ளது மட்டும், வேறு எது செய்வதாக இருந்தாலும் போட்டோ அனுப்பிக் கேட்டுவிட்டு என்று அட்வைசரை எழுத வைத்து, அதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறேன். மாற்றிய பழைய பாகங்களை டிக்கியில் போட்டுத் தரச் சொல்கிறேன். முதல் தடவை முகம் சுளித்தார்கள். இப்போது பழகிவிட்டது. ஏசி ஃபில்டரை மட்டும் நானே மாற்றிக்கொள்கிறேன், க்ளவ் பாக்ஸைக் கழட்டினால் பின்னாலேயே இருக்கிறது, ஐந்து நிமிட வேலை. கேட்காத வேலைக்குப் பில் போட்டு, பேசியும் குறைக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. எனக்கு அதுவரை போக வேண்டி வரவில்லை.

2025 அக்டோபரில் 80,000 சர்வீஸ் முடிந்தது. செப்டம்பர் 22 முதல், 28 சதவீத ஜிஎஸ்டி இருந்த ஸ்பேர் பாகங்களுக்கு அது 18 ஆகிவிட்டது என்பதால் அதையும் பில்லில் தேடினேன். முந்தைய வருடம் 410 கொடுத்த ஒரு சின்னப் பாகம் 378 என்று இருந்தது. 410-லிருந்து பழைய வரியைக் கழித்து புது வரியைப் போட்டால் சரியாக 378 வருகிறது, கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். வரிக் குறைப்பை அப்படியே கொடுத்திருக்கிறார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். மொத்த பில் எட்டாயிரத்துக்குள் முடிந்தது, கேட்காத வேலை ஒன்றுகூட இல்லை.

பின் ஷாக் அப்சார்பரில் ஆயில் கசிவதாக அதே சர்வீஸில் போட்டோ அனுப்பினார்கள், இரண்டும் மாற்ற 9,800 எஸ்டிமேட். போட்டோவில் கசிவு தெளிவாகத்தான் தெரிகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை பாயிடம் குழிமேல் நிறுத்திப் பார்க்கப் போகிறேன். அவரும் கசிவு என்று சொன்னால் வேலையை எங்கே கொடுப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. தங்கையையும் கூட்டிப் போகிறேன், லிங்க் ராடு எங்கே இருக்கிறது என்று அவளும் ஒருமுறை தொட்டுப் பார்க்கட்டும்.