காரைவீடு சரி, கேணி கிடையாது

12 நாள் கூடவே சுற்றிய தரகர் சொல்லாததை, பத்திர எழுத்தர் ஒருவர் ரெண்டு நிமிஷத்தில் சொல்லிவிட்டார். ஊர்ப்பக்கம் பழைய வீடு ஒன்று வாங்க வந்த 20 நாள் லீவில் பாதிக்கு மேல் அதற்குள் போய்விட்டது.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு கிராமத்தில் பழைய காரைவீடு. முகப்பில் ஒரு பக்கம் ஓடு சரிந்து, வளவில், அதாவது நடு முற்றத்தில், வேம்பு முளைத்திருக்கிறது. பர்மா தேக்குத் தூண்களில் நாலைக் காணோம்; காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் தேடினால் கிடைக்கலாம். ஆனால் சுவரைத் தொட்டால் அப்பத்தா வீட்டுச் சுவரின் அதே வழுவழுப்பு, அதே குளுமை. பின்கட்டைத் தாண்டினால் 2 ஏக்கர் தோட்டம், கல் கட்டிய கேணி. கேணியைப் பார்த்ததும் என் மனசு அதில் விழுந்துவிட்டது.

வீட்டுக்குப் பங்காளிகள் ஏழு பேர், ஒருவர் பினாங்கில். தரகர் எதைக் கேட்டாலும் "பேசியாச்சுண்ணே" என்பார். வில்லங்கம்? "சுத்தம்ணே." ஆன்லைனில் குறிப்பிட்ட வருஷத்துக்குப் பிறகுதான் வில்லங்கம் கிடைக்கும், வீடோ என் ஐயா காலத்துக்கும் முந்தியது. அட்வான்ஸை மட்டும் ரொக்கமாகக் கேட்டார்.

பத்திர ஆபீஸ் எதிரே ஒரு தகரக் கொட்டகை. பத்திர எழுத்தர் ஒரு பெரியவர்; பட்டாவைக்கூடப் பிரிக்கவில்லை.

"தம்பி, பாஸ்போர்ட் எந்த நாடு?"

"சிங்கப்பூர். ஓசிஐ கார்டு இருக்கு." வெளிநாட்டுக் குடிமகனாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை அது.

"வீடு நத்தம், குடியிருப்பு இடம்; தனி சர்வே நம்பர். முடிக்கலாம். தோட்டம் விவசாய நிலம். ஓசிஐகாரவுக வாங்க முடியாது. இந்தியப் பாஸ்போர்ட்டோட வெளிநாட்டுல இருக்கவுகளுக்கும் இதான் சட்டம். பரம்பரையா வந்தா வச்சுக்கலாம்."

எவ்வளவு தர என்று கேட்டேன். "ஒண்ணும் எழுதலையே! டீ சொல்லுங்க." சிங்கப்பூரில் இதே பதிலுக்கு வக்கீல் பில் வந்திருக்கும், டீயும் நம் செலவில்தான்.

அங்கே போன புதிதில், வெளிநாட்டுக்காரன் தரையோடு வீடு வாங்க அரசு அனுமதி வேண்டும் என்றபோது, இதென்ன அநியாயம் என்று கத்தியவன் நான். அப்புறம் அந்த ஊர்க் குடிமகனே ஆனேன். இப்போது இங்கே ஒரு கேணிக்கு நான் வெளிநாட்டுக்காரன்.

தரகருக்குப் போன் போட்டேன். "அதுக்கென்னண்ணே, உங்க தம்பி பேர்ல போட்ருவோம்!" 12 நாளும் தெரிந்தேதான் சுற்றியிருக்கிறார். போனை வைத்துவிட்டேன்.

கிளம்பும் முன் தேவகோட்டையில் இருக்கும் பங்காளி ஆச்சியிடம், வீட்டை மட்டும் தருவீர்களா என்று கேட்டுப் பார்த்தேன்.

"தோட்டத்தை விட்டுட்டு வீட்டை வாங்கி, தண்ணிக்கு எங்கப்பா போவே?"