இரண்டு நெடும்பயணங்களுக்கு நடுவே: சொந்த வீடா, வெளிநாட்டில் ஓர் அறையா?

எட்டு மாதம், பத்து மாதம் என்று நாடு நாடாகச் சுற்றுகிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் அலுப்பு தட்டும். புது ஊரில் இறங்கியதும் முதலில் துணி துவைக்க இடம் தேடுகிறோம். எந்தக் கோட்டையைப் பார்த்தாலும் ‘சரி, இதுவும் ஒரு கோட்டை’ என்று தோன்றுகிறது. அப்போது ஓய்வு தேவை என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. எங்கே எடுப்பது என்பதில்தான் குழப்பம். விமானம் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவதா, இருக்கிற இடத்திலேயே மாத வாடகைக்கு ஓர் அறை பிடித்து முடங்குவதா? இரண்டையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் என் கணக்கைச் சொல்கிறேன்.

செலவிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். போக வர டிக்கெட்டை ஒரு பக்கமும் மாத வாடகையை மறுபக்கமும் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் அறைதான் மலிவாகத் தெரியும். ஒரு மாதம் மொத்தமாகத் தங்கினால் நாள் வாடகையைவிட நன்றாகவே குறைத்துத் தருவார்கள். ஆனால் இந்தக் கணக்கில் விசா நாட்கள் வருவதில்லை. ஐரோப்பாவின் ஷெங்கன் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 29 நாடுகள் சேர்ந்த அந்தப் பகுதியில் குறுகிய காலப் பயணியாக எந்த 180 நாளிலும் 90 நாட்களுக்கு மேல் இருக்க முடியாது. 60 நாள் சுற்றிவிட்டு அங்கேயே ஒரு மாதம் படுத்துக்கிடந்தால் மிச்சமிருந்த 30 நாளும் தூக்கத்திலேயே கரைந்துவிடும். தொடர்ச்சியாக 90 நாள் வெளியே இருந்தால் முழு 90 நாளும் மறுபடி கையில் கிடைக்கும் (விசா தேவைப்படுகிறவர்களுக்கு அதில் எழுதியிருக்கும் நாட்களும் இருக்க வேண்டும்). அந்த வெளியே என்பது வீடாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, ஷெங்கனுக்குள் வராத பக்கத்து நாட்டில் பிடித்த அறையும் போதும். ஆக இந்த ஒன்றில் இரண்டுக்கும் சமநிலை, இடத்தைத் தெரிந்து பிடித்தால்.

அடுத்த விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் தராசு சாய்கிறது. பல தூதரகங்கள் அந்தந்த நாட்டில் சட்டப்படி குடியிருப்பவர்களின் விண்ணப்பத்தை மட்டுமே வாங்குகின்றன. வாங்கினாலும் பாஸ்போர்ட் அவர்களிடம் போய்விடும். ஷெங்கன் விசாவுக்குப் பொதுவாக 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். கூடுதல் விசாரணை தேவைப்பட்டால் 45 நாள் வரை இழுக்கலாம். அந்நிய ஊரில் கையில் பாஸ்போர்ட் இல்லாமல் அத்தனை நாள் இருப்பது ஓய்வு ஆகுமா? விடுதி மாற முடியாது, எல்லை தாண்ட முடியாது, ஒவ்வொரு காலையும் மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பதே வேலையாகிவிடும். வீட்டில் என்றால் பாஸ்போர்ட் போன திசையையே மறந்துவிடலாம்.

எனக்கு நேர்ந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை வீட்டுக்கு வராமல் அறை பிடித்துத் தங்கினேன். மூன்றாவது வாரம் வங்கி அட்டை காலாவதியானது. புது அட்டை ஒழுங்காக என் வீட்டு முகவரிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. இணையத்தில் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றலாம் என்றால், ஓடிபி போகவேண்டிய என் பழைய எண் ரீசார்ஜ் செய்யாததால் உயிர்விட்டிருந்தது. கடன் வாங்கித்தான் அந்த மாதம் ஓடியது. இரண்டையும் கிளம்பும் முன் ஒரு மணி நேரத்தில் சரிசெய்திருக்கலாம். தப்பு என்னுடையதுதான், அதற்காக எரிச்சல் வராமல் இருக்குமா?

உடம்பைப் பொறுத்தவரை நான் முழுக்க வீட்டுக் கட்சி. தடுப்பூசிகளின் கால அட்டவணையைப் பாருங்கள். ஹெபடைடிஸ் ஏ ஊசிக்கு முதல் டோஸ் போட்டு 6 முதல் 12 மாதம் கழித்து இரண்டாவது. ஹெபடைடிஸ் பி வழக்கமாக 0, 1, 6 மாதக் கணக்கு. முதல் பயணத்துக்கு முன் தொடங்கியதை இடைவேளையில் முடிப்பதற்கென்றே வகுத்தது போலிருக்கும். மஞ்சள் காய்ச்சல் ஊசிக்குச் சில நாடுகள் கேட்கும் சான்றிதழ், ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் செல்லும். 2016 முதல் அது ஆயுள் முழுக்கச் செல்லுபடி ஆவதால் ஒருமுறை போட்டுவிட்டால் கவலை விட்டது. பல் மருத்துவரையும் அப்படியே பார்த்துவிடலாம், பல்வலி நள்ளிரவுப் பேருந்தில்தான் வரும். மலேரியா உள்ள பகுதியிலிருந்து திரும்பி வாரங்கள், மாதங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், எங்கெல்லாம் போய்வந்தோம் என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மலேரியா வராமல் தடுக்க டாக்ஸிசைக்ளின் மாத்திரை எடுத்தவர்கள் அந்தப் பகுதியை விட்டு வந்தபின் 4 வாரம் தொடர வேண்டும். ‘வீட்டுக்கு வந்தாச்சே’ என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர்.

காப்பீட்டில் விதியைப் படிக்காமல் எதுவும் சொல்வதற்கில்லை. சில பாலிசிகள் வீட்டு வாசலை மிதித்ததும் முடிந்துவிடும். ஆண்டு பாலிசிகள் பலவற்றில் ஒரு பயணம் இத்தனை நாள்தான் என்று வரம்பு உண்டு, வீட்டுக்கு வந்து போனால் அந்த எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும்.

இதுவரை வீடுதான் முன்னால். ஆனால் மனசு என்று வந்தால் அறைக்குத்தான் என் ஓட்டு.

வெளிநாட்டு வாழ்க்கை முடிந்து திரும்புகிறவர்களுக்குச் சொந்த ஊரிலேயே மறுபடி ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது என்பதைக் கல்லஹார்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் தம்பதியினர் 1963-லேயே எழுதினார்கள். மனநிலை இறங்கி, ஏறி, ஊர் திரும்பியதும் மீண்டும் இறங்கி ஏறுவதால் ஆங்கில ‘டபிள்யூ’ எழுத்து வடிவக் கோடு. எனக்கு அந்த இரண்டாவது பள்ளம் சரியாகப் பத்தாவது நாளில் வரும். நடுராத்திரி மூன்று மணிக்கு விழித்து, தலையணைக்கு அடியில் பாஸ்போர்ட் பையைத் தேடுவேன். என் சொந்தக் கட்டில், என் சொந்தச் சுவர், விளக்கின் சுவிட்ச் எந்தப் பக்கம் என்பது மட்டும் நினைவுக்கு வராது. பகலில் நண்பர்கள் ‘எப்படி இருந்துச்சு?’ என்பார்கள். இரண்டாவது வாக்கியத்தில் அவர்கள் கண் போனுக்குப் போய்விடும். அவர்களைக் குறை சொல்ல முடியாது, நான் இல்லாத பத்து மாதத்தில் அவர்கள் வீட்டில் நடந்ததை நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். அம்மா மட்டும் ஒன்றும் கேட்காமல் காலண்டரைப் பார்ப்பாள்.

அறையில் இந்தத் தொல்லை கிடையாது. யாருக்கும் நம்மைத் தெரியாது, கதவைச் சாத்தினால் உலகம் வெளியே. மூன்றாம் வாரம் தெருமுனைக் கடைக்காரர் தலையசைப்பார், அந்த மொழியில் நான்கு வார்த்தை வாய்க்கு வரும். ‘இவ்வளவு தூரம் வந்து சும்மா கிடக்கிறோமே’ என்ற குற்ற உணர்ச்சி மட்டும் முதல் வாரம் விடாமல் குத்தும்.

கையில் பத்து நாள்தான் என்றால் வீடு வேண்டாம். நேர மண்டலம் ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு நாள் வீதம் உடம்பு சரியாகும். எட்டு மணி நேர வித்தியாசம் என்றால் தூக்கம் ஒழுங்காகும்போதே கிளம்பும் நாளும் வந்துவிடும். பாஸ்போர்ட், ஊசி, வங்கி என்று ஒரு வேலையும் பாக்கி இல்லாதவர்களும் தாராளமாக அறை பிடிக்கலாம். மூன்று மாதத்துக்கு மேல் வீட்டில் இருப்பதிலும் ஆபத்து உண்டு. பையை எடுத்துப் பரணில் வைத்துவிடுவார்கள், கல்யாணத் தேதிகளை உங்களைக் கேட்டுக் குறிப்பார்கள், சேமிப்பு சத்தமில்லாமல் கரையும். பல நாடுகளில் 183 நாள் என்ற வரிக் கோடும் இருக்கிறது, வருடத்தில் அத்தனை நாள் இருந்தால் அங்கே வரி கட்டும் குடியிருப்பாளராகக் கணக்கிடலாம், வருடக் கணக்கில் வீட்டு நாட்களையும் எண்ணிக்கொள்வது நல்லது.

எனக்குச் சரிப்பட்டது ஆறு வாரம். முதல் வாரம் தூக்கத்துக்கு, அடுத்த மூன்று விசாவுக்கும் ஊசிக்கும், மிச்சம் இரண்டும் வீட்டு மனிதர்களுக்கு. இந்த முறை உள்ளே நுழைந்ததுமே கிளம்பும் தேதியைச் சொல்லிவிட்டேன். அம்மா எழுந்துபோய்க் காலண்டரில் அதை வட்டமிட்டாள், அதற்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்பவில்லை.